லினக்ஸ் கெர்னலில் வைஃபை சேனல் அகல விதிகள்: யாரும் அழைக்காத நிரலை நீக்குவது எப்படி?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு முதல் பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்ப ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எங்காவது ஒரு கமென்டில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்புகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் கற்றுக்கொள்ளவும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. யாரும் அழைக்காத ஒரு ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) கண்டுபிடித்து, அது இனி தேவைப்படாது என்று நிரூபித்து, சுத்தமாக எடுத்துவிடுவது வேறு விஷயம். நீக்குவது பதினைந்து வரியாக இருக்கலாம். அந்தப் பதினைந்து வரிக்காக நீங்கள் ஒரு பகுதி முழுவதையும் படித்திருப்பீர்கள்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய சர்வர் வேண்டாம், சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டாம். சுமாரான ஒரு லேப்டாப்பும் பொறுமையும் போதும்.

ஏன் சேனல் அகலம்?

வைஃபையில் ஒரு சேனலின் அகலம் முதலில் 20 மெகாஹெர்ட்ஸ்தான். 2009 இல் வந்த 802.11என் அதை 40 ஆக்கியது. 2013 இன் 802.11ஏசி 80, 160 என்று கொண்டுபோனது. வைஃபை 7 இல் 320 வரை போகலாம். எதிர்ப்பக்கம் 5, 10 மெகாஹெர்ட்ஸ் என்று குறுகலான சேனல்களும் உண்டு. ஒவ்வொரு தலைமுறை வரும்போதும் கெர்னலில் புதிய விதிகள் சேர்ந்தன. பழைய விதிகளைச் சோதித்த ஃபங்ஷன்களில் சில வேலையிழந்து அங்கேயே கிடந்தன. ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) தானாகச் செய்துகொண்டிருந்த கணக்கை நடுவில் உள்ள பொது நூலகத்துக்கு மாற்றுவார்கள். டிரைவர் பக்கம் அழைப்பு போய்விடும், அழைக்கப்பட்ட ஃபங்ஷன் மட்டும் மிஞ்சும். இப்படித்தான் பெரும்பாலான பயன்படாத நிரல் உருவாகிறது. யாரும் கவனக்குறைவாக எழுதியதல்ல, கடைசி ஆள் கிளம்பும்போது விளக்கை அணைக்காமல் போனதுதான்.

விதிகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகத் தேடலுக்குப் போகாதீர்கள். எது உயிருள்ள விதி, எது செத்த விதி என்று பிரித்துச் சொல்ல இந்தப் படம் மனதில் இருந்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் எந்த அலைவரிசையில் எவ்வளவு அகலம், எவ்வளவு சக்தி என்ற பட்டியல் கெர்னலுக்கு வெளியே, வயர்லெஸ் ரெக்டிபி என்ற தனித் திட்டத்தில் இருக்கிறது. அதில் இருந்து உருவாகும் ரெகுலேட்டரி.டிபி என்ற கோப்பை, கையொப்பம் சரிதானா என்று பார்த்துவிட்டு கெர்னல் ஏற்றிக்கொள்கிறது. முன்பெல்லாம் இதற்கு சிஆர்டிஏ என்ற தனி நிரல் வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலிருந்து கெர்னலே நேரடியாகப் படிக்கிறது.

நம் நாட்டுக்கான பகுதிக்கு அடிப்படை தொலைத்தொடர்புத் துறையின் அறிவிக்கைகள். 2018 அக்டோபரில் வந்த ஜிஎஸ்ஆர் 1048 அறிவிக்கை 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்றது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். நாடு மாறினால் எல்லைகள் மாறும், அகலமும் மாறும்.

கெர்னலுக்குள் இந்த விதிகளைக் கையாளுவது சிஎஃப்ஜி80211 என்ற பகுதி. நெட் என்ற கோப்புறைக்குள் வயர்லெஸ் என்றொரு கோப்புறை, அதில் ரெக்.சி, சேன்.சி என்று இரண்டு கோப்புகள். இவை இரண்டையும் அச்செடுத்துப் படித்தால்கூட வீணில்லை. ஒவ்வொரு விதியிலும் தொடக்க அலைவரிசை, முடிவு அலைவரிசை, அதிகபட்ச அகலம் மூன்றும் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு சேனலுக்கும் ‘40 கூடாது’, ‘80 கூடாது’, ‘160 கூடாது’ என்ற கொடிகளை (ஃபிளாக், அதாவது ஆம்/இல்லை அடையாளங்களை) கெர்னல் ஏற்றிவைக்கிறது.

40 மெகாஹெர்ட்ஸ் கணக்கை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 13ஆம் சேனலின் மையம் 2472. 40 வேண்டுமென்றால் மேலே அல்லது கீழே 20 தள்ளி இன்னொரு சேனல் இருக்க வேண்டும். மேலே 2492 இல் சேனல் இல்லை, ஆகவே ‘மேல்நோக்கிய 40 கூடாது’ என்ற கொடி ஏறும். கீழே 2452 இல் 9ஆம் சேனல் இருக்கிறது, அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. இந்தச் சோதனை ரெக்.சி-யில் எச்டி (802.11என்) கொடிகளை நிரப்பும் ஃபங்ஷனில் நடக்கிறது.

இன்னொன்று, ஆட்டோ பிடபிள்யூ என்ற கொடி. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு விதிகளுக்குத் தலா 80 தான் என்று எழுதியிருந்தாலும், இந்தக் கொடி இருந்தால் கெர்னல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். 5250 இல் முடியும் விதியும் 5250 இல் தொடங்கும் விதியும் சேரும்போது 36 முதல் 64 வரையான சேனல்களில் 160 கிடைக்கும். மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு ‘இந்தக் கூட்டல் கணக்கு எதற்கு, விதியிலேயே அகலம் இருக்கிறதே’ என்று தோன்றும். அந்தக் கூட்டலை எடுத்தால் பலருடைய ரூட்டரில் 160 காணாமல் போகும். பார்க்கத் தேவையில்லாததுபோல இருக்கும் நிரலும், யாரும் அழைக்காத நிரலும் ஒன்றல்ல.

படி 1: மூல நிரலை முழு வரலாற்றோடு எடுங்கள்

கிட் (மாற்ற வரலாற்றோடு நிரலைக் காக்கும் கருவி) கொண்டு எடுக்கும்போது டெப்த் 1 என்று போட்டுக் குறுக்கி எடுக்காதீர்கள். எப்போது, யார், ஏன் கடைசி அழைப்பை எடுத்தார்கள் என்பதுதான் உங்கள் முக்கிய ஆதாரம். அது வரலாற்றில்தான் இருக்கிறது.

முழு வரலாறு பல ஜிபி வரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவத்திலும் மழை, துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவத்திலும் மழை. தென்னை மட்டை விழுந்தோ ரப்பர் கிளை ஒடிந்தோ கேபிள் அறுவது சாதாரணம். கிட் குளோன் (களஞ்சியத்தைப் பிரதியெடுப்பது) பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். அதற்காகவே கெர்னல்.ஆர்க் தளம் முழுக் களஞ்சியத்தையும் ‘பண்டில்’ என்ற ஒற்றைக் கோப்பாகத் தருகிறது. டபிள்யூகெட் கட்டளையில் ‘தொடரவும்’ என்பதற்கான சி தெரிவைப் போட்டு அதை இறக்குங்கள். லைன் போனாலும் திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து போகும். இறங்கியதும் அந்தக் கோப்பிலிருந்தே குளோன் செய்து, ரிமோட் (மூலக் களஞ்சியத்தின்) முகவரியை மாற்றி, மிச்சத்தை ஃபெட்ச் செய்தால் போதும். ஒருவர் இறக்கினால் பென்டிரைவில் வகுப்பு முழுக்கக் கொடுக்கலாம்.

அப்புறம் வயர்லெஸ் நெக்ஸ்ட் என்ற கிளைக் களஞ்சியத்தையும் கூடுதல் ரிமோட்டாகச் சேருங்கள். வயர்லெஸ் மாற்றங்கள் முதலில் அங்கேதான் சேர்கின்றன. உங்கள் பேட்ச் அதன் மேல்தான் பொருந்த வேண்டும்.

படி 2: சந்தேகப் பட்டியல் போடுங்கள்

கம்பைலர் எச்சரிக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு கோப்புக்குள் மட்டும் தெரியும் ஸ்டாட்டிக் ஃபங்ஷன் பயன்படவில்லை என்றால் எச்சரிக்கை வரும். வெளியே தெரியும் ஃபங்ஷனுக்கோ, எக்ஸ்போர்ட் சிம்பல் போட்டு மற்ற மாட்யூல்களுக்குத் திறந்துவிட்டதற்கோ, ஹெடர் கோப்பில் உள்ள ஸ்டாட்டிக் இன்லைனுக்கோ எதுவும் வராது. செத்த நிரல் தங்குவது அங்கேதான்.

எனவே சிஎஃப்ஜி80211 ஹெடர் கோப்பைத் திறந்து, அகலம் சம்பந்தப்பட்ட ஃபங்ஷன் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, முழுச் சொல்லாகத் தேடும் டபிள்யூ தெரிவோடு கிட் கிரெப் (நிரல் முழுதும் சொல் தேடும் கட்டளை) ஓட்டுங்கள். அறிவிப்பு ஒன்று, வரையறை ஒன்று, எக்ஸ்போர்ட் வரி ஒன்று, இவை தவிர வேறு இடமே வரவில்லை என்றால் அது சந்தேகப் பட்டியலுக்குப் போகலாம். ஃபங்ஷனோடு நிற்காதீர்கள். எழுதப்பட்டு எங்கும் படிக்கப்படாத ஸ்ட்ரக்ட் உறுப்புகள், ஏற்றப்பட்டு எங்கும் சோதிக்கப்படாத கொடிகள், எல்லோரும் ஒரே மதிப்பையே அனுப்பும் அளபுருக்கள் எல்லாம் இதில் சேரும். படிக்கப்படாத உறுப்பைப் பிடிப்பது கொஞ்சம் சிரமம், ஏனென்றால் கிரெப் எழுதும் இடத்தையும் காட்டும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

படி 3: இல்லை என்பதை நிரூபியுங்கள்

இங்கேதான் நேரம் போகும், போகவும் வேண்டும். தக்கலையிலிருந்து ஒரு மாணவர் போனில் கேட்டார்: “அண்ணே, கிரெப்பில வரையறை மட்டும்தான் காட்டுது. தூக்கிரலாம்லா?” நான் சொன்னது: “தூக்கலாம் மக்ளே, ஆனா பேர ஒட்டவச்சு உண்டாக்குற மேக்ரோவைப் பாத்தியா?”

சி மொழியில் இரட்டை ஹாஷ் குறி போட்டு இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பெயர் உண்டாக்கலாம். அப்படி உண்டாகும் பெயர் மூல நிரலில் முழுதாக எங்கும் இருக்காது, கிரெப்பிலும் மாட்டாது. வயர்லெஸ் பகுதியில் ட்ரேஸ் நிகழ்வுகள் (ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்பவை) இந்த வகை. அழைக்கும் இடத்தில் ‘ட்ரேஸ்’ என்ற முன்னொட்டு இருக்கும், வரையறுக்கும் இடத்தில் இருக்காது. ஆகவே முன்னொட்டை வெட்டிவிட்டு, பெயரின் நடுத்துண்டை மட்டும் வைத்தும் ஒருமுறை தேடுங்கள்.

அடுத்து வரலாறு. கிட் லாக் கட்டளையில் பெரிய எஸ் தெரிவோடு ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயர் வரும் எண்ணிக்கை மாறிய கமிட்டுகளை (பதிவான மாற்றங்களை) மட்டும் காட்டும். அதில் இரண்டு கமிட் உங்களுக்கு வேண்டும்: ஃபங்ஷன் பிறந்த கமிட், கடைசி அழைப்பு போன கமிட். ஒரே கமிட்டில், ஒரே கோப்புக்குள் ஓர் இடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் சேர்த்திருந்தால் எண்ணிக்கை மாறாது, இந்தத் தேடலில் வராது. சந்தேகமாக இருந்தால் பெரிய ஜி தெரிவில் ஓட்டிப் பாருங்கள், அந்தப் பெயர் உள்ள வரியைத் தொட்ட எல்லாக் கமிட்டும் வரும்.

பிறந்தே சில மாதம்தான் ஆகிறது, இன்னும் யாரும் அழைக்கவில்லை என்றால் கைவைக்காதீர்கள். அதைப் பயன்படுத்தும் டிரைவர் அடுத்த தொகுப்பில் வந்துகொண்டிருக்கும். அடுத்த பதிப்புக்கான மாற்றங்கள் சேரும் லினக்ஸ் நெக்ஸ்ட் களஞ்சியத்திலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

கெர்னலுக்கு வெளியே யாரோ தனியாக வைத்திருக்கும் டிரைவர் இதை அழைத்தால்? உள்ளே உள்ள ஃபங்ஷன்களை அப்படியே காப்பாற்றுவோம் என்று கெர்னல் யாருக்கும் உறுதி கொடுத்ததில்லை. அதற்காகத் தயங்க வேண்டாம்.

தொடக்கூடாத எல்லை

பயனர் நிரல்களோடு பேசும் இடைமுகம் மட்டும் வேறு சட்டம். அந்த இடைமுகத்தை வரையறுக்கும் என்எல்80211 ஹெடர் யூஏபிஐ கோப்புறையில் இருக்கிறது. அதில் உள்ள எண் வரிசைகளை ஐடபிள்யூ, ஹோஸ்ட்ஏபிடி, டபிள்யூபிஏ சப்ளிகன்ட் போன்ற வைஃபை நிரல்கள் எல்லாம் நம்பியிருக்கின்றன. ஹோஸ்ட்ஏபிடி அந்த ஹெடரின் பிரதி ஒன்றைத் தன் மூல நிரலுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கெர்னலுக்குள் ஒருவரும் பயன்படுத்தவில்லை என்று நடுவில் உள்ள ஒரு பெயரை எடுத்தால், அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் ஒன்று குறையும். பழைய நிரல் ‘80 கூடாது’ என்று நினைத்துப் படிப்பது வேறொன்றாகிவிடும்.

இதை எப்படிச் சரியாகச் செய்வது என்பதற்கு அந்த ஹெடரிலேயே பாடம் இருக்கிறது. சேனலுக்கு ‘பாசிவ் ஸ்கேன்’, ‘நோ ஐபிஎஸ்எஸ்’ என்று இரண்டு தனிக் கொடிகள் இருந்தன. 2013 இல் இரண்டையும் ‘நோ ஐஆர்’ (தானாக முதலில் சிக்னல் அனுப்பக்கூடாது) என்று ஒன்றாக்கினார்கள். ஆனாலும் இரண்டாவது கொடியின் எண் இன்றும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பெயருக்கு முன் இரண்டு அடிக்கோடு மட்டும் சேர்ந்திருக்கிறது. நிரலை எடுத்தார்கள், இருக்கையை விட்டுவைத்தார்கள்.

ரெகுலேட்டரி.டிபி கோப்பின் வடிவமும் இதேபோலத்தான். அதன் பிட்டுகளைப் படிக்கும் பகுதியில் ஏதாவது பயன்படாததுபோலத் தெரிந்தாலும், வட்டில் கிடக்கும் கோப்போடு செய்த ஒப்பந்தம் அது. விட்டுவிடுங்கள்.

படி 4: நீக்குங்கள், ஆனால் ஹெடரிலிருந்து தொடங்குங்கள்

முதலில் ஹெடரில் உள்ள அறிவிப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் கெர்னலில் அது எச்சரிக்கை அல்ல, நேரடிப் பிழை. கிரெப்பில் தப்பிய அழைப்பு எங்காவது ஒளிந்திருந்தால் கம்பைலரே கையைப் பிடித்துக் காட்டும். பிறகு வரையறை, எக்ஸ்போர்ட் வரி, மேலே உள்ள விளக்கக் கமென்ட் எல்லாவற்றையும் எடுங்கள்.

ஒன்று போனதும் அது மட்டும் அழைத்துக்கொண்டிருந்த சின்ன ஃபங்ஷன் அநாதையாகும். அதையும் எடுங்கள், மறுபடி தேடுங்கள். ஸ்ட்ரக்ட் உறுப்பை நீக்கினால் அதன் விளக்க வரியையும் நீக்க மறக்காதீர்கள், விட்டால் கெர்னல் டாக் கருவி குறை சொல்லும்.

கம்பைல் செய்யும்போது கூடியவரை எல்லாவற்றையும் மாட்யூலாகச் சேர்க்கும் ஆல் மாட் கான்ஃபிக் அமைப்பைப் பயன்படுத்துங்கள். உங்கள் லேப்டாப்புக்குரிய அமைப்பில் இரண்டு மூன்று வயர்லெஸ் டிரைவர்தான் இருக்கும், நிரூபணம் ஆகாது. அதற்காக முழுக் கெர்னலையும் கட்ட வேண்டியதில்லை. மேக் கட்டளைக்கு நெட் வயர்லெஸ், நெட் மேக்80211, டிரைவர்ஸ் நெட் வயர்லெஸ் ஆகிய மூன்று கோப்புறைகளை மட்டும் கொடுத்தால் பழைய லேப்டாப்பும் தாங்கும். கூடவே டபிள்யூ 1 எச்சரிக்கை நிலையையும், சி 1 என்று ஸ்பார்ஸ் என்ற நிரல் ஆய்வுக் கருவியின் சோதனையையும் போடுங்கள்.

படி 5: ஓட்டிப் பாருங்கள், ஆனால் சரியான கார்டில்

யாரும் அழைக்காததை எடுத்தோம், ஏன் ஓட்ட வேண்டும் என்று கேட்கலாம். அலைவரிசை விதி சம்பந்தப்பட்ட இடம் இது. 5 கிகாஹெர்ட்ஸின் சில பகுதிகள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. தவறுதலாக ஒரு சோதனை போய்விட்டால் அனுமதியில்லாத அகலத்தில் சிக்னல் போகும்.

பலர் சறுக்கும் இடம் இதுதான்: நிறைய லேப்டாப்பில் இன்டெல் வைஃபை கார்டு இருக்கிறது. ஐடபிள்யூ ரெக் கெட் என்று அடித்துப் பாருங்கள், கார்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘செல்ஃப் மேனேஜ்டு’ என்று வந்தால், அந்தக் கார்டு விதிகளைத் தன் ஃபர்ம்வேரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ரெக்.சி-யின் வழக்கமான பாதை அங்கே ஓடுவதே இல்லை. ‘என் லேப்டாப்பில் வைஃபை வேலை செய்கிறது’ என்பதற்கு இங்கே ஒரு மதிப்பும் கிடையாது.

அதற்குப் பதிலாக மேக்80211 எச்டபிள்யூசிம் மாட்யூலை ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஏற்றுங்கள். கார்டே இல்லாமல் இரண்டு கற்பனை ரேடியோக்கள் கிடைக்கும். மாற்றத்துக்கு முந்தைய கெர்னலில் நாட்டுக் குறியீட்டை இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், பொதுவான 00 என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் ஐடபிள்யூவின் சேனல்ஸ் கட்டளை தரும் வெளியீட்டைக் கோப்பில் சேமியுங்கள். மாற்றிய கெர்னலிலும் அதையே செய்து டிஃப் ஓட்டுங்கள். ஒரு வரிகூட வேறுபடக்கூடாது. வேறுபட்டால் நீங்கள் எடுத்தது பயன்படாத நிரல் அல்ல.

படி 6: கமிட் செய்தி

பராமரிப்பாளர் உங்கள் தேடலை மறுபடி செய்யப்போவதில்லை, செய்தியைத்தான் படிப்பார். தலைப்பு ‘வைஃபை: சிஎஃப்ஜி80211:’ என்று தொடங்கி, எந்த ஃபங்ஷன் என்று சொல்ல வேண்டும். உடலில், கடைசிப் பயன்பாடு எந்த ஆண்டு எந்தக் கமிட்டில் போனது என்று அந்தக் கமிட்டின் முதல் 12 எழுத்துகளோடும் தலைப்போடும் எழுதுங்கள். பிறந்ததிலிருந்தே யாரும் அழைக்கவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். நடத்தையில் மாற்றமில்லை என்று ஒரு வரி. ஃபிக்ஸஸ் என்ற குறிச்சொல் வேண்டாம், இது பழுது அல்ல. ‘நிரலைச் சுத்தம் செய்தேன்’ என்று மட்டும் எழுதிய பேட்ச் திரும்பி வந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் கவலை வேண்டாம். இந்தச் செய்திக்கு நான்கு எளிய வாக்கியம் போதும்.

ஒரு பேட்சில் ஒரு விஷயம். மூன்று தனித்தனி ஃபங்ஷன் என்றால் மூன்று பேட்ச் கொண்ட தொகுப்பாக அனுப்புங்கள். போகிற போக்கில் இடைவெளிகளைச் சீர்செய்ய வேண்டாம்.

படி 7: அனுப்புவது

பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். வயர்லெஸ் பகுதியை நெடுங்காலமாகப் பராமரித்துவருபவர் யோஹன்னஸ் பெர்க். கிட் சென்ட் ஈமெயில் வழியாக, வெறும் எழுத்து மின்னஞ்சலாக அனுப்புங்கள். உலாவியில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் இடைவெளியாகி பேட்ச் பொருந்தாமல் போகும். முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, வந்ததை கிட் ஏஎம் கொண்டு பொருத்திப் பாருங்கள்.

ஒரு கெர்னல் வெளியானதும் அடுத்த இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம். அப்போது இப்படிப்பட்ட பேட்சுகளை அனுப்பாமல் இருப்பது மரியாதை. முதல் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்தபின் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் ஒரு வாரமாவது பொறுத்துவிட்டு அன்பாக ஒரு நினைவூட்டல் போதும்.

‘இதை ஒரு டிரைவர் பயன்படுத்தப்போகிறது, விட்டுவையுங்கள்’ என்று பதில் வரலாம். வாதாட வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். திருத்தம் கேட்டால் இரண்டாம் பதிப்பில் என்ன மாற்றினீர்கள் என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள், அது கமிட் செய்தியில் சேராது. சில நேரம் மனிதருக்கு முன் இன்டெலின் டெஸ்ட் ரோபோட் பதில் அனுப்பும். நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு கட்டமைப்பில் கம்பைல் ஆகவில்லை என்று சொல்லும். அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும், பெரும்பாலும் அது சரியாகத்தான் சொல்லும்.

ஏற்றுக்கொள்ளப்பட்டால் பேட்ச் முதலில் வயர்லெஸ் நெக்ஸ்டுக்குப் போகும், அங்கிருந்து நெட்வொர்க் பகுதிக்கான நெட் நெக்ஸ்ட், அடுத்த மெர்ஜ் விண்டோவில் லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மைக் களஞ்சியம். சில வாரங்கள் ஆகும். அதற்குள் சந்தேகப் பட்டியலில் இரண்டாவதாக எழுதிவைத்த பெயரை எடுத்து, படி 3 இலிருந்து தொடங்கிவிடலாம்.